பதிவேட்டில் நம் பெயர்

இந்த மலருக்காகப் பழைய மாணவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் தொகுக்கும் வேலையை மன்றத்தார் என்னிடம் ஒப்படைத்தார்கள். "நீ சாஃப்ட்வேர் எஞ்சினியர்தானப்பா, லிஸ்ட் போடுறது உனக்கு லேசு" என்றார் ஓர் அண்ணன். பெயர், படித்த ஆண்டு, துறை, இப்போது செய்யும் வேலை, விலாசம் என்று ஐந்து கட்டங்கள் கொண்ட படிவத்தை அச்சிட்டு அனுப்பினோம். வாட்ஸ்அப்பிலும் போட்டோம். வந்தவற்றை ஆண்டுவாரியாக அடுக்கிப் படித்துக்கொண்டு போகையில், நமது கருமாத்தூர் அருள் ஆனந்தர் கல்லூரியைச் சுற்றியுள்ள கிராமங்களின் அரை நூற்றாண்டுச் சரித்திரம் அந்தக் கட்டங்களுக்குள் கிடப்பது தெரிந்தது. குறிப்புகள் மலரின் பிற்பகுதியில் தனியாக வருகின்றன. அவற்றைப் படிக்கும் முன், முக்கியமாக இப்போது படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகள், இந்தச் சரித்திரத்தைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். தன் பெயரையும் ஊரையும் தொழிலையும் ஒரு தாளில் எழுதி இன்னொருவர் கையில் கொடுப்பது நம் பக்கத்தில் சாதாரணக் காரியமாக இருந்ததில்லை. நான் கல்லூரியில் சேர விண்ணப்பம் நிரப்பிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் பூக் கட்டிக்கொண்டிருந்த என் அப்பத்தா, "எதுக்குடா இம்புட்டையும் எழுதிக் கேக்குறாக? பேரைக் குடுத்துட்டா அப்புறம் விடுவாகளா?" என்று கேட்டுச்சு. எனக்குச் சிரிப்பு வந்தது. அப்பத்தா சிரிக்கவில்லை.

அந்தப் பயத்துக்குக் காரணம், ஊர்க்காரர்கள் 'ரேகைச் சட்டம்' என்று சொல்லும் குற்றப் பழங்குடிகள் சட்டம். 1871-இல் வட இந்தியாவில் கொண்டுவரப்பட்ட அந்தச் சட்டத்தை, 1911-இல் திருத்தி எழுதி சென்னை மாகாணத்துக்கும் விரித்தது வெள்ளைக்கார அரசு. மதுரைக்கு மேற்கே வாழ்ந்த பிறமலைக் கள்ளர் சமூகம் 1914 முதல் படிப்படியாக அதன் கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஆண்பிள்ளை வயசுக்கு வந்துவிட்டால், அவன் எந்தக் குற்றமும் செய்திருக்க வேண்டியதில்லை, கைரேகையைப் பதிந்துவிட வேண்டும். ராத்திரி போலீஸ் ஸ்டேஷனிலோ ஊர்ச் சாவடியிலோ கணக்குக் கொடுத்துப் படுக்க வேண்டும். வெளியூர் போவதானால் 'ராதாரிச் சீட்டு' வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிப் பக்கத்துப் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துத் திரண்டவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் மாண்டார்கள். மாயாக்காள் என்ற பெண்ணும் அவர்களில் ஒருவர்.

என் தாத்தா 1920-களில் பிறந்தவர். அவர் பெயர் முதன்முதலாக ஒரு பதிவேட்டில் ஏறியது பள்ளிக்கூடத்தில் அல்ல, ஸ்டேஷனில்தான். கல்யாணமான புதிதில்கூட ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் போர்வையை எடுத்துக்கொண்டு சாவடிக்குக் கிளம்பிவிடுவாராம். "மாப்பிள்ளையை நான் பகல்லதான் பாத்தேன்" என்று அப்பத்தா சொல்லும்போது வீட்டில் எல்லாரும் சிரிப்போம். வயசு ஏற ஏறத்தான் அது சிரிக்கிற விஷயம் இல்லை என்று புரிந்தது.

இந்தச் சட்டத்தை எதிர்த்து வாதாடியவர்களில் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் முக்கியமானவர். மலையாளக் கிறிஸ்தவர், காந்தியின் 'யங் இந்தியா'வுக்கு ஆசிரியராகவும் இருந்தவர். நம் கிராமத்துப் பெரியவர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்றே சொல்வார்கள். பின்னாளில் பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் இதைப் பெரிய இயக்கமாகவே நடத்தினார். கடைசியில் 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீக்கப்பட்டது. அதே 1947-இல்தான் நமது கல்லூரிக்குப் பெயர் தந்த அருளானந்தர் ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். 1647-இல் லிஸ்பனில் பிறந்து, மறவர் நாட்டில் வேலை செய்து, 1693-இல் ஓரியூரில் வெட்டுண்டு இறந்த சேசு சபைத் துறவி அவர். இரண்டும் ஒரே ஆண்டில் நடந்தது தற்செயல்தான். இருந்தாலும் நமது நுழைவாயிலில் அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வரும்.

சட்டம் போன பிறகும் அதன் நிழல் உடனே போய்விடவில்லை. 1920-களில் அரசு தொடங்கிய கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் கிராமம் கிராமமாகப் பரவி, முதல் தலைமுறையை எழுத்துக் கூட்ட வைத்தன என்பதை மறுக்க முடியாது. ஆனால் பள்ளிப் படிப்பு முடிந்ததும் பையன் மாட்டுக்கும் காட்டுக்கும் திரும்பிவிடுவான். மதுரையில் பெரிய கல்லூரிகள் இருந்தன. பஸ் காசும், போட்டுக்கொள்ள இரண்டாவது சட்டையும் இல்லாதவனுக்கு அவை அமெரிக்காவில் இருந்தாலும் ஒன்றுதான். இப்படிப்பட்ட நேரத்தில், 1970-இல், மதுரையிலிருந்து தேனி போகும் சாலையில், செக்கானூரணியைத் தாண்டிய இந்த வறண்ட மண்ணில் சேசு சபையினர் ஒரு சிறிய கல்லூரியைத் திறந்தார்கள்.

இனிப் படிவங்களுக்கு வருவோம்.

எழுபதுகளில் படித்தவர்களின் குறிப்புகள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கின்றன. "ஆசிரியர் பணி, ஓய்வு." "தலைமையாசிரியர், ஓய்வு." ஒருவர் மட்டும் கூடுதலாக ஒரு வரி சேர்த்திருந்தார். எந்தக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிக்குத் தன் தகப்பனாரை அதிகாரிகள் விரட்டிப் பிடித்துச் சேர்த்தார்களோ, அதே பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றாராம். அவர் எழுதியது அவ்வளவுதான். நான் போனில் பிடித்து, "அண்ணே, இன்னும் கொஞ்சம் எழுதுங்களேன்" என்றேன். "அதுக்கு மேல என்னப்பா இருக்கு?" என்று வைத்துவிட்டார்.

எண்பதுகளில் காக்கி வருகிறது. காவல் துறை, ராணுவம், மத்திய ரிசர்வ் போலீஸ். சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்ற ஒருவரின் படிவம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பயிற்சி முடித்து முதல் ஸ்டேஷனில் சேர்ந்த அன்று, ராத்திரி டியூட்டியில் பழைய பதிவேடுகளைத் தூசி தட்டும் வேலையை அவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவற்றில் ரேகைப் பதிவேடு ஏதும் இருக்கிறதா, தன் பாட்டனார் பெயர் அதில் வருகிறதா என்று விடிய விடியத் தேடினாராம். கிடைக்கவில்லை. "கிடைத்திருந்தால் கிழித்திருப்பேனா, கும்பிட்டிருப்பேனா என்று இன்றுவரை தெரியவில்லை" என்று எழுதியிருக்கிறார். ரேகை வைத்தவர்களின் பேரப் பிள்ளைகள் இத்தனை பேர் போலீஸில் சேர்ந்தது ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. ஓட்டப் பந்தயத்திலும் கயிறு ஏறுவதிலும் நம் பையன்களை மிஞ்ச ஆள் இல்லை என்பது ஒரு காரணம். சிபாரிசு இல்லாமல் கிடைத்த மாதச் சம்பளம் அது என்பது இன்னொன்று. மூன்றாவதாக, மேசைக்கு இந்தப் பக்கம் நின்றே பழகிய குடும்பத்துக்கு, ஒரு தடவையாவது அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும் ஆசை இருந்திருக்காதா? இது என் ஊகம்தான். அந்த சார்பு ஆய்வாளர் அண்ணனிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை.

நமது கல்லூரி ஒரு சமூகத்துக்கு மட்டுமானதாக என்றும் இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மெய்யியல் துறையில் குருமட மாணவர்கள் படித்தார்கள். போடி, கம்பம் பக்கத்து ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் பிள்ளைகள் வந்தார்கள். சுற்றுப்பட்டி தலித் குடியிருப்புகளிலிருந்தும் வந்தார்கள். அவர்களில் ஒருவர் இன்று வங்கி மேலாளர். அவருடைய வரிகளை அப்படியே தருகிறேன்: "வருகைப் பதிவேட்டில் எங்கள் எல்லாருக்கும் ஒரே வரிசை, அகர வரிசை. ஊர் டீக்கடையில் எனக்கு அந்த வரிசை கிடையாது. மூன்று வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நண்பன், ஊருக்குள் வந்தால் என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரிப் போவான். இன்று அவன் மகன் கல்விக் கடனுக்கு என்னிடம்தான் வந்தான். கொடுத்தேன்." நம் தாத்தாக்கள் பட்ட அவமானத்தைப் பற்றி இவ்வளவு பேசுகிற நாம் இந்தக் குறிப்பையும் இரண்டு தடவை படிக்க வேண்டும். அதனாலேயே இதைச் சுருக்காமல் போட்டிருக்கிறோம்.

தொண்ணூறுகளுக்குப் பிறகு விலாசங்கள் சிதறுகின்றன. திருப்பூர், சிங்கப்பூர், துபாய். போடியில் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்காய் மின்னணு ஏலத்தில் உட்காரும் ஒரு வியாபாரி. ஆந்திராவில் முறுக்குக் கம்பெனி வைத்திருக்கும் பொருளாதாரப் பட்டதாரி ஒருவர், "படித்ததுக்கும் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு, கடன் வட்டியை நானே கணக்குப் போடுகிறேன்" என்கிறார். எங்கள் காலத்து ஆட்கள் முக்கால்வாசி பெங்களூரு, சென்னை, லேப்டாப். எங்களைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இயற்பியல் படித்தோம், எம்.சி.ஏ. படித்தோம், கம்பெனி கம்பெனியாக மாறினோம். நாங்கள் வந்துபோன மதுரை - போடி மீட்டர்கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்று, அகலப் பாதையாகி 2023-இல்தான் மறுபடி போடி வரை ஓடியது. எங்கள் குரூப்பில் அதிகம் பகிரப்பட்ட படம் அந்த முதல் ரயிலின் படம்தான். அதில் ஏறிப் போனவர் ஒருவரும் இல்லை. எல்லாரும் வெளியூரில் இருந்தோம்.

தங்கைகளின் படிவங்கள் பிந்தித்தான் வந்தன, பலவற்றில் விலாசமே கல்யாணத்துக்குப் பிறகு மாறியிருந்ததால். அவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். எண்பதுகளின் நடுவில் உசிலம்பட்டி அருகே ஒரு கிராமத்தில் பிறந்தவர் அவர். இன்று அரசு மேல்நிலைப்பள்ளியில் கணித ஆசிரியை. 1986-இல் 'இந்தியா டுடே' நம் வட்டாரத்துப் பெண் சிசுக் கொலையைப் பற்றி எழுதி, உசிலம்பட்டி என்ற பெயர் நாடெல்லாம் அப்படியே பரவியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊர்ப் பெயரைச் சொல்லவே கூசிய காலம் அது. இந்தச் சகோதரி, 'துறை' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் கேட்காத ஒரு தகவலை எழுதியிருந்தார்: "வீட்டில் மூன்றாவது பெண்." அச்சில் போடலாமா என்று கேட்டேன். "அதுக்குத்தானே எழுதினேன், போடுங்கண்ணே" என்றார்.

இப்போது வராத படிவங்களைப் பற்றி. பலர் பெயரையும் ஆண்டையும் எழுதி, 'இப்போது செய்யும் வேலை' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தார்கள். சிலர் அனுப்பவே இல்லை. போன் போட்டேன். "கலெக்டர், டாக்டர்னு அவுக எழுதுவாக. நான் லோடு வண்டி ஓட்டுறேன். அதைப் போயி மலர்ல போடணுமா?" என்றார் என் வகுப்புத் தோழன் ஒருவன். இன்னொருவர், "வைகைத் தண்ணி 58 கால்வாய்ல வந்தா விவசாயம், வராட்டி டிரைவர்" என்று எழுதச் சொன்னார். எழுதியிருக்கிறேன். உசிலம்பட்டிப் பக்கத்து மானாவாரிக் கிராமங்களின் நிலைமையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. 1959-இல் கட்டிய வைகை அணை நமக்கு இத்தனை பக்கத்தில் இருந்தும், 58 கிராமக் கண்மாய்களுக்குத் தண்ணீர் கேட்டு ஒரு தலைமுறையே மனுக் கொடுத்தும் மறியல் செய்தும் காத்துக் கிடந்தது. அந்த மனுக்களை எழுதிக் கொடுத்தவர்களில் நம் பட்டதாரிகள் உண்டு. அவர்களுடைய குறிப்பில் வேலைக் கட்டம் 'விவசாயம்' என்று முடிந்துவிடுகிறது.

எங்கள் தொழிலில் 'கட்டாயக் கட்டம்' என்று ஒன்று வைப்போம். அதை நிரப்பாவிட்டால் படிவம் உள்ளே போகாது. இந்தத் தொகுப்பில் பெயர் உட்பட எதையும் கட்டாயமாக வைக்க வேண்டாம் என்று மன்றத்தாரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார்கள். அப்பத்தாவின் கதையைச் சொன்னேன். மூத்த அண்ணன்மார்கள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அதனால் மலரில் சில பெயர்களுக்கு எதிரே வெறும் கோடு இருக்கும். ஒரு குறிப்பில் பெயருக்குப் பதில் "1983 பொருளாதாரம், உயிரோடு இருக்கிறேன்" என்று மட்டும் இருக்கும். அச்சுப் பிழை என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுதியவர் கேட்டுக்கொண்டபடியே போட்டிருக்கிறோம்.

மூலப் படிவங்களை ஆண்டுவாரியாகக் கட்டுக் கட்டிக் கல்லூரி நூலகத்தில் கொடுக்க ஏற்பாடாகியிருக்கிறது. பிந்தி எழுதுகிறவர்களுக்காக ஒவ்வொரு ஆண்டின் கடைசியிலும் சில வெள்ளைத் தாள்களைச் சேர்த்துத் தைக்கச் சொல்லியிருக்கிறேன். லோடு வண்டித் தோழன் சங்கமத்துக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். பேனா நான் கொண்டு வருகிறேன்.