பழைய விமானமும் ஒரு நோட்டுப் புத்தகமும்

பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, பொறுமையாகப் படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் அமெரிக்காவிலிருந்து ஒரு போன். ஐந்தாம் வகுப்பில் என்னிடம் படித்த பையன். நம் கருணாபுரத்துப் பிள்ளை. பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் போடவில்லை. கொலராடோ மாநிலத்தில் டென்வர் நகரில் வேலை பார்க்கிறான். நலம் விசாரித்து முடித்ததும், ‘‘சார், ஒரு ப்ளேன் வாங்கலாம்னு இருக்கேன்’’ என்றான்.

‘‘டிக்கெட்டாப்பா?’’ என்று கேட்டேன்.

‘‘இல்ல சார், ப்ளேனே வாங்கப் போறேன்.’’

சொந்தமாக விமானம் ஓட்டும் உரிமம் எடுத்து மூன்று வருடம் ஆகிவிட்டதாம். அவன் பார்த்து வைத்திருந்தது 1979-ஆம் வருடத்து பைப்பர் டர்போ ஆரோ. ஒற்றை எஞ்சின், நான்கு இருக்கை, சக்கரத்தை உள்ளே மடக்கிக்கொள்ளும் சிறிய விமானம். ‘‘என்னைவிட வயசுல மூத்தது சார்’’ என்று சிரித்தான். வீட்டில் யாரும் சிரிக்கவில்லை. மனைவி பேசுவதையே நிறுத்திவிட்டார். ஊரிலிருந்து அவன் அம்மா, ‘‘பழைய டிவிஎஸ் வண்டி வாங்கவே நாலு பேரைக் கேப்போம், இது ஆகாசத்துல போறதாச்சே’’ என்று அழுதிருக்கிறார். ‘‘நீங்க சொன்னா அம்மா கேப்பாங்க சார்’’ என்றான்.

விமானத்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் வாங்கி, பிள்ளைகளுக்கு வரலாறும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான். ‘‘பதினஞ்சு நாள் டைம் குடுப்பா’’ என்று சொல்லிவிட்டுப் படிக்க உட்கார்ந்தேன். அதில் தெரிந்துகொண்டதைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் டர்போ. கல்வராயன் மலைக்கு ஏறும் லாரிகளின் முதுகில் இந்தச் சொல்லை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மேலே போகப் போகக் காற்று மெலிந்துவிடும். எஞ்சினுக்கு எண்ணெய் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சாதாரண எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீதம் பலத்தை இழக்கும் என்கிறார்கள். வீணாக வெளியே போகும் புகையின் வேகத்தைக்கொண்டே ஒரு சக்கரத்தைச் சுற்றவைத்து, அந்தச் சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் செலுத்துவதுதான் டர்போ. சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இதற்கு 1905-இல் காப்புரிமை பெற்றார்.

அதை விமான எஞ்சினில் வைத்து நிரூபித்தவர்களில் ஒருவர் அமெரிக்காவின் சான்ஃபோர்ட் மாஸ். 1918-இல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சினை லாரியில் ஏற்றிக்கொண்டு 14,000 அடி உயரமுள்ள பைக்ஸ் பீக் மலை உச்சிக்குப் போனார். கடல் மட்டத்தில் 350 குதிரைத்திறன் கொடுத்த எஞ்சின், உச்சியில் 230-தான் கொடுத்தது. டர்போவைப் பொருத்தியதும் 356 கொடுத்தது. இதைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. அந்தப் பைக்ஸ் பீக் இருப்பது அதே கொலராடோவில்தான். நம் பையன் குடியிருக்கும் ஊரே 5,000 அடிக்கு மேல். சுற்றிலும் 14,000 அடி மலைகள். அவன் டர்போ கேட்டது ஆடம்பரத்துக்கு இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

சரி, புதிதாக வாங்கினால் என்ன? இதற்கும் ஒரு வரலாறு உண்டு. 1978-இல் அமெரிக்காவில் 17,000-க்கும் மேற்பட்ட சிறிய விமானங்கள் தயாராயின. பிறகு விபத்து வழக்குகளும் காப்பீட்டுச் செலவும் கம்பெனிகளை நெருக்கின. வேறு காரணங்களும் சேர்ந்துகொண்டன. செஸ்னா கம்பெனி 1986-இல் சிறிய எஞ்சின் விமானம் செய்வதையே நிறுத்தியது. 1994-இல் ஆண்டு உற்பத்தி ஆயிரத்தைக்கூட எட்டவில்லை. 18 ஆண்டுக்கு மேல் பழையதான சிறிய விமானத்துக்காகத் தயாரித்தவர்மேல் வழக்குப் போட முடியாது என்று அந்த வருடம் சட்டம் வந்த பிறகுதான் தொழில் மெல்ல மூச்சு விட்டது. அதனால் இன்றும் மாதச் சம்பளக்காரர் வாங்கக்கூடியது பெரும்பாலும் எழுபதுகளில் செய்த விமானம்தான்.

பழைய விமானம் என்றால் முகம் சுளிக்கும் சொந்தங்களுக்கு நம் நாட்டுக் கதை ஒன்று சொல்கிறேன். உளுந்தூர்பேட்டை ஓடுதளம் ஞாபகம் இருக்கிறதா? சிலரை நான் அங்கே சுற்றுலா கூட்டிப்போயிருக்கிறேன். இரண்டாம் உலகப் போருக்காகப் போட்டது அது. அந்தப் போர் முடிந்ததும் இந்தியாவில் ஏராளமான விமானங்கள் மிஞ்சின. டகோட்டாக்களை வாங்கிப் பல கம்பெனிகள் தொடங்கப்பட்டன. ஒடிசாவின் பிஜு பட்நாயக், தானே விமானியாக 1947 ஜூலையில் டகோட்டாவில் பறந்துபோய் இந்தோனேசியத் தலைவர் ஷரிரை டச்சுக்காரர்கள் பிடியிலிருந்து மீட்டு வந்தார். அதே ஆண்டு டிசம்பர் 10-ஆம் தேதி, ரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு வந்த ஏர் சிலோனின் முதல் பயணமும் டகோட்டாவில்தான்.

டகோட்டாவில் டர்போ கிடையாது. நான்கு எஞ்சினிலும் டர்போ வைத்த குண்டுவீச்சு விமானம் ஒன்று இருந்தது. அதன் பெயர் லிபரேட்டர். போர் முடிந்ததும் அவற்றைக் கான்பூரில் நிறுத்தி, இனி யாரும் பறக்கவிடக்கூடாது என்று வேண்டுமென்றே சேதப்படுத்திவிட்டுப் போனார்கள். கருவிகளை உடைத்தார்கள், எஞ்சினுக்குள் மண்ணைப் போட்டார்கள். சுதந்திர இந்தியாவுக்குக் குண்டுவீச்சு விமானம் தேவைப்பட்டபோது, பெங்களூரு இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை அந்தக் குப்பையைக் கையில் எடுத்தது. நான்கில் கெட்டது போக ஒன்று என்று தேடிச் சேர்த்து, பறக்கும் அளவுக்கு ஒட்டுப்போட்டார்கள். சோதனை விமானி ஜிம்மி முன்ஷி அவற்றைப் பெங்களூருக்கு ஓட்டிவந்தார். இப்படிச் சுமார் 40 லிபரேட்டர்கள் உயிர்பெற்றன. 1948 நவம்பரில் நம் விமானப்படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றைக்கொண்டு உருவானது. 1968 வரை அவை பறந்தன. ஒன்றை இங்கிலாந்து விமானப்படை அருங்காட்சியகத்துக்கே நாம் பரிசாகக் கொடுத்தோம்!

இந்தக் கதையைச் சொன்னதும் பையனுக்கு ஒரே குஷி. ‘‘அப்ப வாங்கலாம்ல சார்?’’ என்றான். ‘‘அவசரப்படாதே. பெங்களூருக்கு வந்ததும் அவங்க என்ன செஞ்சாங்கன்னு கேளு’’ என்றேன்.

அந்த விமானங்கள் என்னென்ன அடிபட்டன என்று நம்பிச் சொல்ல ஆளில்லை. அதனால் பெங்களூரில் பிரித்துப் பார்த்து, பழுது நீக்கி, மறுபடி பூட்டினார்கள். வரலாறு தெரியாத இயந்திரத்தை நம்ப அது ஒன்றுதான் வழி. ஒரு தொழிற்சாலையால் அது முடியும். தனி ஆளால் முடியாது. தனி ஆளுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு லாக்புக், அதாவது விமானத்தின் பதிவு நோட்டு.

விமானத்தின் உடலுக்கும் எஞ்சினுக்கும் தனித்தனி நோட்டு உண்டாம். எத்தனை மணி நேரம் பறந்தது, எந்தத் தேதியில் எதை மாற்றினார்கள், யார் கையெழுத்து என்று எல்லாம் அதில் இருக்கும். 12 மாதத்துக்கு ஒருமுறை முழுச் சோதனை கட்டாயம். டர்போ எஞ்சின் சூட்டிலேயே வாழ்கிறது. புகைக்குழாயில் விரிசல் விடும், சிலிண்டர் சீக்கிரம் தேயும். அந்த ஆரோ எஞ்சினை, ரகத்தைப் பொறுத்து, 1,400 அல்லது 1,800 மணி நேரத்தில் முழுதாகப் பிரித்துச் சீர்செய்யச் சொல்கிறார்கள். நம் மலைப்பாதை லாரி டிரைவர்கள் மேலே போய்ச் சேர்ந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் சற்று நேரம் ஓடவிடுவார்கள், டர்போ ஆறட்டும் என்று. முன்பு ஓட்டியவர் அந்தப் பொறுமை உள்ளவரா என்பது பெயின்ட்டைப் பார்த்தால் தெரியாது. நோட்டையும் சிலிண்டரின் உட்புறத்தையும் பார்த்தால்தான் தெரியும்.

‘‘தம்பி, முதல் பக்கத்திலிருந்து படி. தேதியை வரிசையா எழுது. எங்க இடைவெளி இருக்கோ அங்க நில்லு’’ என்றேன். ஐந்தாம் வகுப்பில் காலக்கோடு போடச் சொல்வேனே, அதேதான்.

போட்டிருக்கிறான். 1980-களின் நடுவில் நான்கு வருடத்துக்கு நோட்டே இல்லை. விற்பவரைக் கேட்டால், ‘‘எங்கோ தொலைந்துவிட்டது, பெரிய விஷயமில்லை’’ என்றாராம். தனக்கு வேண்டிய மெக்கானிக்கை வைத்து இறக்கையைத் திறந்து பார்த்தான். உள்ளே ஒரு பக்கம் பழைய பழுதுபார்த்த அடையாளம். எந்த நோட்டிலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. விமானம் எங்கேயோ அடிபட்டிருக்கிறது. சோதனைக்குக் கொடுத்த பணம் போனது போகட்டும் என்று விலகிவிட்டான்.

அன்று இரவு போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, ‘‘பாபர் எந்த வருஷம் வந்தாருன்னு தெரிஞ்சு என்ன சார் ஆகப்போகுதுன்னு ஒருநாள் உங்ககிட்ட கேட்டேன், ஞாபகம் இருக்கா?’’ என்றான். இருந்தது. அன்று அவனுக்கு நான் நல்ல பதில் சொல்லவில்லை. அதட்டி உட்காரவைத்தேன். முப்பது வருடம் கழித்து அந்த நான்கு வருட இடைவெளி எனக்காகப் பதில் சொன்னது.

2024 ஜூனுக்குப் பிறகு கருணாபுரம் என்று சொன்னாலே எல்லோரும் முகத்தைப் பார்க்கிறார்கள். அந்தத் துக்கம் நம்மோடு இருக்கட்டும், மறக்க வேண்டாம். அதே தெருக்களிலிருந்து போன ஒரு பிள்ளை, ஆசைப்பட்ட பொருளின் முன் நின்று, இதன் கதை முழுசாகத் தெரியவில்லை, வேண்டாம் என்று சொல்லக் கற்றிருக்கிறான். அதையும் சேர்த்து நினைத்துக்கொள்வோம்.

இப்போது வேறொரு டர்போ ஆரோ பார்க்கிறான். முதல் நாளிலிருந்து நோட்டு முழுசாக இருக்கிறதாம். அவன் அம்மாவிடம் நான் பேசினேன். ‘‘நீங்க படிச்சுப் பாத்தீங்களா சார்?’’ என்று கேட்டார். படங்களை அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படித்துப் பார்த்துவிட்டுத்தான் அவருக்குச் சொல்வேன்.

உளுந்தூர்பேட்டை ஓடுதளத்தில் எடுத்த பழைய பள்ளிப் படம் யாரிடமாவது இருந்தால் கீழே போடுங்கள். தேதி தெரிந்தால் தேதியோடு.

அனைவரும் நலமாக இருங்கள்.