சிப்பாங் விமான நிலையமும் தெமுவான் மக்களின் வழக்கும்



கோலாலம்பூருக்கு முன்பு சுங்கை பீசியில்தான் விமானத் தளம் இருந்தது. 1965 ஆகஸ்டு 30-இல் சுபாங் நிலையம் வந்தது. நம் பெரியவர்கள் பலர் முதன்முதலாக ஏரோப்ளேனைக் கிட்டத்தில் பார்த்தது அங்கேதான். பிறகு அதுவும் போதவில்லை. செம்பனையும் கித்தாவும் நின்ற சிப்பாங்கில் 100 சதுர கிலோமீட்டர் நிலத்தை ஒதுக்கினார்கள். ஜப்பானியர் கிஷோ குரோகாவா கட்டடத்தை வரைந்தார். 1998 ஜூன் 27-இல் மாமன்னர் திறந்து வைத்தார். இதுவரை எல்லோரும் சொல்லும் கதைதான். நான் சொல்ல வந்தது அங்கே போகும் ரோட்டைப் பற்றி.

நீலாய்க்கும் பந்திங்குக்கும் இடையே விமான நிலையத்துக்காக ஒரு நெடுஞ்சாலை போட்டார்கள். அதற்காக 1995-இல் டிங்கில் அருகே புக்கிட் தம்போய் கம்பத்தில் சுமார் 38 ஏக்கரை எடுத்தார்கள். அங்கிருந்தவர்கள் தெமுவான் பூர்வகுடியினர். காலி செய்ய 14 நாள் கெடு. வீட்டுக்கும் மரங்களுக்கும் மட்டும் காசு கொடுத்தார்கள். நிலத்துக்கு ஒரு காசும் இல்லை. 'நிலம் அரசாங்கத்துடையது, நீங்கள் சும்மா குடியிருந்தவர்கள்' என்பதே வாதம். லயத்து வீட்டில் பிறந்து வளர்ந்த நமக்கு இந்தப் பேச்சு புதிதா என்ன? வேலை போனால் வீடும் போச்சு என்பதைப் பார்த்தவர்கள்தானே நாம்!

ஆனால் அவர்கள் சும்மா போய்விடவில்லை. சாகோங் பின் தாசியும் வேறு ஆறு பேரும் கோர்ட்டுக்குப் போனார்கள். கையில் கிராண்டு இல்லை. பாட்டன் பூட்டன் காலம் முதல் அந்த மண்ணை விடாமல் ஆண்டு வந்ததையே சாட்சியாக வைத்தார்கள். 2002-இல் ஷா ஆலாம் உயர்நீதிமன்றம், வழிவழியாக வந்த அந்த நிலத்தில் அவர்களுக்கு உரிமை உண்டு, 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி நிலத்துக்கும் நஷ்டஈடு தர வேண்டும் என்றது. 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி கோபால் ஸ்ரீராம். அந்த நிலத்தில் ஒரு பகுதியை அரசாங்கம் பூர்வகுடி நிலமாகக் கெஜட்டில் போடாமலே விட்டிருந்தது. அது மக்களின் குற்றமல்ல, காக்க வேண்டியவர்கள் கடமை தவறியது என்றார்.

இது பூர்வகுடியினருக்குக் கிடைத்த தீர்ப்பு. தோட்டத்தாருக்கு அப்படியே பொருந்தாது. இருந்தாலும் சம்பளச் சீட்டு, ரசீது, பழைய கடிதம் எதையும் அடுப்பில் போட்டுவிடாதீர்கள்.

2009-இல் சிலாங்கூர் அரசு தன் மேல்முறையீட்டைக் கைவிட்டது. 2010-இல் சமரசமாகி நஷ்டஈடு கிடைத்தது. நிலத்தை எடுத்து அதற்குள் 15 வருஷம் ஓடிவிட்டது.