பிறப்புநிலைப் பாவம்: கொங்கு நாட்டுக் கிறித்தவத்தில்

பிறப்புநிலைப் பாவம் என்பது, மனிதகுலத்தின் முதற்பெற்றோர் இறைவனுக்குக் கீழ்ப்படியாமல் போனதால் நேர்ந்த சீர்கேட்டில் மனிதர் அனைவரும் பிறக்கிறார்கள் என்று கூறும் கிறித்தவக் கோட்பாடு. பழைய கத்தோலிக்க நூல்கள் இதைச் சென்மப் பாவம் என்கின்றன. சீர்திருத்தச் சபையாரிடம் ஜென்ம பாவம், ஆதிப் பாவம் என்னும் பெயர்கள் வழங்குகின்றன. ஒருவர் தாமே அறிந்து செய்யும் பாவம் இதனின்று வேறானது; அது கர்மப் பாவம் எனப்படும். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், சேலம், கரூர் வட்டாரங்கள் அடங்கிய கொங்கு நாட்டில் இக்கோட்பாடு 17ஆம் நூற்றாண்டிலிருந்து போதிக்கப்பட்டு வருகிறது. வினைக்கொள்கையும் சைவ சித்தாந்தத்தின் மலக்கொள்கையும் ஏற்கெனவே வேரூன்றியிருந்த மண் இது. மனிதன் ஏன் தீமையின்பால் சாய்கிறான் என்ற கேள்விக்கு இங்கே முன்பே விடைகள் இருந்தன. கிறித்தவ விடை அவற்றோடு வாதிட்டும் உறவாடியுமே தன் இடத்தைப் பெற்றது.

விவிலிய அடிப்படை

தொடக்கநூலின் முதல் இயல், கடவுள் மனிதரைத் தம் சாயலில் படைத்ததாகவும், படைத்தவை யாவும் நன்றாக இருந்ததாகவும் கூறுகிறது. மூன்றாம் இயல், ஆதாமும் ஏவாளும் விலக்கப்பட்ட கனியை உண்டு ஏதேன் தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்டதைச் சொல்கிறது. கிறித்தவ மனிதவியல் இந்த இரண்டையும் சேர்த்தே கொள்கிறது: மனித இயல்பு நல்லது, ஆனால் காயப்பட்டது. உரோமையர் மடலின் 5ஆம் இயலில் பவுல், ஒரே மனிதன் வழியாகப் பாவமும் சாவும் உலகில் நுழைந்ததையும், இயேசு என்னும் ஒரே மனிதர் வழியாக அருள் பெருகியதையும் எதிரெதிரே நிறுத்துகிறார். பிறப்புநிலைப் பாவம் என்ற பெயர் விவிலியத்தில் இல்லை. அதே தொடக்கநூலை மறைநூலாகக் கொண்ட யூத சமயமும் இக்கோட்பாட்டை ஏற்பதில்லை.

கோட்பாட்டின் வளர்ச்சி

இதற்கு உறுதியான வடிவம் தந்தவர் வட ஆப்பிரிக்க ஆயர் அகுஸ்தீன் (354–430). மனிதன் தன் முயற்சியாலேயே நன்மையில் நிலைக்க முடியும் என்று போதித்த பெலாஜியுசை அவர் எதிர்த்தார். ஆதாமின் குற்றம் அவன் வழித்தோன்றல்களுக்கும் வருகிறது, இறையருள் இல்லாமல் மனித விருப்பாற்றல் நன்மையை நாடாது என்பது அவர் வாதம். 418இல் கார்த்தேஜ் சங்கமும் 431இல் எபேசு பொதுச்சங்கமும் பெலாஜியுசின் போதனையைக் கண்டித்தன.

சீர்திருத்தக் காலத்தில் கருத்துகள் பிரிந்தன. 1530இல் வெளியான லூத்தரன் அறிக்கையான ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, பிறவியிலேயே உள்ள தீய நாட்டம் உண்மையான பாவமே என்றது. 1546இல் திரெந்து பொதுச்சங்கம், திருமுழுக்கு அப்பாவத்தை முற்றிலும் போக்குகிறது, எஞ்சும் நாட்டம் சோதனைக்கு இடந்தருவதேயன்றிப் பாவமன்று என அறுதியிட்டது. கால்வினியர் மனித இயல்பின் எந்தப் பகுதியும் கேட்டுக்குத் தப்பவில்லை என்றனர். மெத்தடிஸ்ட் மரபின் முன்னோடியான ஜான் வெஸ்லியோ அக்கேட்டை ஒப்புக்கொண்டு, கடவுளின் முந்துகிற அருள் எல்லா மனிதரிலும் முன்னதாகவே செயல்படுகிறது என்றார். கீழைத் திருச்சபைகளின் பார்வை வேறு. ஆதாமிடமிருந்து மனிதர் பெறுவது சாவும் வலுவின்மையும். அவனுடைய குற்றத்தின் பொறுப்பு அவர்களைச் சேராது.

கொங்கு நாட்டில் சபைகளும் போதனையும்

மதுரை மறைப்பணித்தளத்தைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நோபிலி (1577–1656) 1623இல் சேந்தமங்கலம், சேலம் பகுதிகளுக்கு வந்தார். தத்துவப் போதகர் என்று அறியப்பட்ட அவர் தமிழில் எழுதிய நூல்களுள் ஒன்று புனர்ஜென்ம ஆட்சேபம். உலகில் காணும் ஏற்றத்தாழ்வுக்கும் துன்பத்துக்கும் முற்பிறப்பின் வினையே காரணம் என்ற கொள்கையை மறுப்பது அதன் நோக்கம். மறுபிறப்பை மறுத்தவர் துன்பத்தின் தோற்றத்துக்கு வேறு விளக்கம் தந்தாக வேண்டும். ஆதிப்பெற்றோரின் வீழ்ச்சி அந்த இடத்தை நிரப்பியது.

செபமாலை அன்னை ஆலயத்தால் பெயர்பெற்ற கருமத்தம்பட்டி, கோவைக் கத்தோலிக்க வரலாற்றின் முதன்மையான ஊர்களுள் ஒன்று. கோவை 1850இல் தனி ஆட்சிப்பகுதியாகவும் 1886இல் மறைமாவட்டமாகவும் உயர்ந்தது. ஆட்சிப்பகுதியாக இருந்தபோது அதன் முதல் ஆயரான பிரெஞ்சுக்காரர் மெல்கியோர் தெ மரியோன் பிரெசில்லாக், இந்தியர்களைக் குருக்களாகவும் ஆயர்களாகவும் உருவாக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். சாதி வழக்கங்களைச் சபைக்குள் பொறுத்துக்கொள்வது குறித்த சர்ச்சையில் மனம் ஒப்பாமல் பதவி விலகினார். 1856இல் லியோன் நகரில் ஆப்பிரிக்க மறைப்பணிச் சங்கத்தை நிறுவி, 1859இல் ஃப்ரீடவுனில் இறந்தார்.

லண்டன் மிஷனரி சங்கம் 1827இல் சேலத்திலும் 1830இல் கோவையிலும் பணியைத் தொடங்கியது. கோவையில் முதலில் பணியாற்றியவர் டபிள்யூ. பி. ஆடிஸ். லைப்சிக் மிஷன் வழியாக லூத்தரன் சபையும் இங்கு வந்தது. கொல்லிமலையில் பணிசெய்த ஜெஸ்ஸி பிராண்ட் (மறைவு 1929) கடுமையான கால்வினியப் போக்குடைய ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்தவர். அவர் மகனே, தொழுநோயில் விரல்கள் சிதைவதற்கு வலியுணர்வு அற்றுப்போவதே காரணம் என்று காட்டிய அறுவை மருத்துவர் பால் பிராண்ட். தொழுநோயைப் பாவத்தின் கூலி என்று கருதிய பழைய எண்ணத்துக்கு அந்த மருத்துவ விளக்கம் பெரிய மறுப்பாயிற்று.

லண்டன் மிஷன் சபைகள் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் கலந்தன. ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றான இச்சபை, திருத்தூதர், நிசேயா விசுவாசப் பிரமாணங்களை ஏற்றது. அவை இரண்டும் பாவமன்னிப்பைப் பேசுகின்றனவே தவிர, பிறப்புநிலைப் பாவத்தை வரையறுப்பதில்லை. எனவே இச்சபைக்குள் இது குறித்துப் பல விளக்கங்களுக்கு இடமுண்டு.

திருமுழுக்கு வழக்கங்கள்

கோட்பாட்டு வேறுபாடு பாமர விசுவாசிக்கும் கண்கூடாகத் தெரிவது திருமுழுக்கில்தான். கத்தோலிக்கர் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது பிறப்புநிலைப் பாவத்திலிருந்து விடுதலை வேண்டும் மன்றாட்டு உண்டு. ஞானப்பெற்றோர் குழந்தையின் சார்பில் விசுவாசத்தை அறிக்கையிடுவர். லூத்தரன் சபையும் குழந்தைக்கே ஞானஸ்நானம் தருகிறது. தென்னிந்தியத் திருச்சபை குழந்தை ஞானஸ்நானத்தையும், வயதுவந்தோர் தம் விசுவாசத்தை அறிக்கையிட்டுப் பெறுவதையும் ஏற்கிறது. பாப்டிஸ்ட், பெந்தெகொஸ்தே சபைகள் குழந்தையை ஜெபத்தோடு பிரதிஷ்டை செய்வதோடு நிறுத்தி, மனந்திரும்பியவருக்கே முழுக்கு ஞானஸ்நானம் தருகின்றன. மனிதன் பாவ சுபாவத்தோடு பிறந்தாலும், நன்மை தீமை அறியாத குழந்தைமேல் குற்றம் சுமத்தப்படுவதில்லை என்பது இவர்களிடையே பரவலான விளக்கம்.

திருமுழுக்குப் பெறாமல் இறக்கும் குழந்தைகளின் கதி கத்தோலிக்க இறையியலில் நீண்டநாள் சிக்கலாக இருந்தது. அவர்களும் மீட்படைவார்கள் என நம்ப நல்ல காரணங்கள் உண்டு என்று வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் குழு 2007இல் வெளியிட்ட ஆவணம் கூறியது. மரியாள் பிறப்புநிலைப் பாவமின்றிக் கருவானார் என்ற அமல உற்பவக் கோட்பாடு 1854இல் கத்தோலிக்கருக்கு விசுவாச சத்தியமாக அறிவிக்கப்பட்டது. பிற சபைகள் அதை ஏற்பதில்லை.

வினையும் ஆணவமும்

வினைக்கொள்கைப்படி ஒருவர் அனுபவிப்பது அவரவர் செய்ததன் பயன். கிறித்தவக் கோட்பாட்டில் முதல் மனிதனின் செயல் அனைவரையும் பாதிக்கிறது. முன்னது தனியுயிரின் கணக்கு. பின்னது மனிதகுலத்தின் ஒருமைப்பாட்டை அடிப்படையாகக் கொண்டது.

பேரூர் போன்ற தலங்களில் தழைத்த சைவ சித்தாந்தத்தின் ஆணவமலக் கொள்கை இன்னும் நெருக்கமான ஒப்பீட்டுக்கு உரியது. செம்பில் களிம்பு போல ஆணவம் உயிரோடு ஒட்டியிருந்து அறிவை மறைக்கிறது; திருவருளாலன்றி அது நீங்காது. மனிதன் தானே தன்னை மீட்டுக்கொள்ள இயலாது என்பதில் இரு சமயங்களும் ஒத்துப்போகின்றன. வேறுபாடு தோற்றத்தில் உள்ளது. சித்தாந்தத்தில் உயிரும் ஆணவமும் தொடக்கமற்றவை. கிறித்தவத்தில் மனிதன் படைக்கப்பட்டவன். பாவம் பின்னால், சுதந்திரமான ஒரு தேர்வால், நுழைந்தது.

அ. யே. அப்பாசாமியின் பங்களிப்பு

தென்னிந்தியத் திருச்சபையின் கோவைத் திருமண்டலம் 1950இல் அமைந்தபோது அதன் முதல் பேராயரானவர் அய்யாத்துரை யேசுதாசன் அப்பாசாமி (1891–1975). பாளையங்கோட்டையில் பிறந்த அவர், கிறித்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி 1927இலும், மோட்சம் பற்றி 1931இலும் ஆங்கில நூல்கள் வெளியிட்டவர். யோவான் நற்செய்தியும் வைணவ ஆசாரியர் இராமானுசரின் அந்தர்யாமி (உள்ளுறையும் இறைவன்) என்னும் கருத்தும் அவர் சிந்தனையின் இரு ஊற்றுகள். எல்லா மனிதரிலும் இறைவன் உள்ளுறைகிறார், பாவம் அந்த உறவை மறைக்கிறது, அன்பால் விளையும் ஒன்றிப்பே மீட்பு என்பது அவர் நோக்கு. அகுஸ்தீனின் மரபு குற்றத்திலிருந்து தொடங்க, அப்பாசாமி உறவிலிருந்து தொடங்கினார்.

அண்மைக்கால விளக்கங்கள்

பரிணாமவியல் வலுப்பெற்றபின், ஆதாமை ஒரு தனிமனிதனாகக் கொள்வதா, மனிதகுலம் முழுவதற்குமான உருவகமாகக் கொள்வதா என்ற கேள்வி எழுந்தது. 1950இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், மனிதகுலம் பல முதற்பெற்றோரிலிருந்து தோன்றியது என்ற கருத்து இக்கோட்பாட்டோடு எப்படிப் பொருந்தும் என்பது தெளிவாகவில்லை என எச்சரித்தார். பின்வந்த இறையியலாளர் பலர், பாவம் குருதிவழியாகக் கடத்தப்படுவதைவிடச் சமூக அமைப்புகள் வழியாகக் கையளிக்கப்படுவதையே அழுத்திப் பேசினர். 1987இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாவத்தின் கட்டமைப்புகளைப் பற்றி எழுதினார். 1980களில் அரவிந்த் நிர்மல் முதலியோர் தொடங்கிய தலித் இறையியல், சாதியை அத்தகைய கட்டமைப்பாகப் பார்க்கிறது. இந்த விளக்கத்தில் பிறப்போடு வரும் பாவம் தாழ்த்தப்பட்டவர்மேல் இல்லை. பிறப்பை வைத்து மனிதரைத் தாழ்த்தும் ஒழுங்கிலும், அதைப் பொறுத்துக்கொள்ளும் சபையிலும் இருக்கிறது.