பிடி அரிசியும் தீப்பெட்டி ஆபீஸ் பஸ்ஸும்

விருதுநகர் என்றதும் காமராசர் நினைவுக்கு வருவார். சிவகாசி என்றதும் பட்டாசு. இரண்டு ஊர்களுக்கும் இடையே முப்பது கிலோமீட்டர்கூட இருக்காது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட வேண்டும் என்று நினைத்த முதலமைச்சர் பிறந்தது இந்தப் பக்கம்தான். பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகளை விடிவதற்கு முன்பே எழுப்பி வேலைக்கு ஏற்றிச் சென்றதும் இந்தப் பக்கம்தான்! ஒரு ஊர்ச் சங்கமோ மன்றமோ குழந்தைகளுக்காக என்ன செய்ய முடியும், அதன் கை எந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் இந்த இரண்டு கதைகளையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

முதலில் பிடி அரிசி. 1880களில் விருதுநகர் வணிகர்கள் சத்திரிய வித்யாசாலை என்ற பள்ளிக்கூடத்தைத் தொடங்கினார்கள். கடைகளில் நடக்கும் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கை ஊர்ப் பொதுவுக்கு ஒதுக்குவார்கள். இதற்கு மகமை என்று பெயர். அந்தப் பணம்தான் பள்ளிக்கு ஆதாரம். அது போதாதென்று வீடுகளில் பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியாக எடுத்து வைத்தார்கள். சேர்ந்த அரிசியை வீடு வீடாக வாங்கி விற்றுப் பள்ளிச் செலவுக்குக் கொடுத்தார்கள். கோயில் நுழைவுக்கே தடை இருந்த ஒரு சமூகம், தன் சொந்தச் செலவில் கட்டிய பள்ளியை எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்து வைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

1903இல் அதே ஊரில் பிறந்த காமராசர் அந்தப் பள்ளியில்தான் படித்தார். ஆனால் ஆறாம் வகுப்போடு அவருடைய படிப்பு நின்றுவிட்டது. தகப்பனார் இறந்துபோன வீடு. பையன் மாமாவின் துணிக்கடைக்குப் போனான். ஊரே சேர்ந்து நடத்திய பள்ளிக்கூடம், அதுவும் நடக்கும் தூரத்தில்! அப்படியிருந்தும் ஒரு பிள்ளையை வகுப்பில் நிறுத்தி வைக்க முடியவில்லை. பள்ளியைக் கட்டுவது ஒரு வேலை. பிள்ளையின் வீட்டு அடுப்பு எப்படி எரிகிறது என்று பார்ப்பது வேறு வேலை.

அந்த இரண்டாவது வேலையைத்தான் அவர் முதலமைச்சரான பிறகு கையில் எடுத்தார். சென்னை மாநகராட்சி 1920லேயே ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டுப் பார்த்திருந்தது, அது நீடிக்கவில்லை. 1950களின் நடுவில் கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலுவும் முதலமைச்சரும் ஊர் ஊராகப் போய்ப் பேசினார்கள். அரசிடம் காசு வருவதற்கு முன்பே பல ஊர்களில் மக்களே குழு அமைத்துச் சமைக்க ஆரம்பித்தார்கள். ஒருவர் அரிசி, ஒருவர் விறகு, ஒருவர் தோட்டத்துக் காய் என்று கொடுத்தார்கள். 1957 முதல் அரசு மானியம் கிடைத்தது. ஒரு சாப்பாட்டுக்குப் பத்து காசு என்று கணக்கு. அதில் ஆறு காசு அரசுடையது, நாலு காசு ஊருடையது. அந்த நாலு காசைச் சிலர் குறையாகச் சொல்வார்கள். உண்மையில் அதுதான் திட்டத்தின் உயிர். காசு கொடுத்தவன் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று சோறு வெந்ததா என்று கேட்பான்! ஆனால் விளைச்சல் பொய்த்த வருடத்தில் ஊரின் பங்கு வற்றிவிடும். ஏழை ஊரில் அது எப்போதுமே வற்றல்தான். எந்த ஊரில் பசி அதிகமோ அந்த ஊர்தான் குறைவாகக் கொடுக்க முடியும். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது முழுப் பொறுப்பையும் அரசு ஏற்றதற்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை.

இனி பஸ். 1923 வாக்கில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து சிவகாசியில் தொடங்கினார்கள். மழை குறைந்த கரிசல் பூமிக்கு அது பெரிய வரம். கையால் செய்யும் சிறு தொழிலுக்கு வரிச்சலுகையும் இருந்ததால் இயந்திரத்தைவிடக் கைகள் மலிவாகக் கிடைத்தன. அதிலும் சின்னக் கைகள் இன்னும் மலிவு. குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது எல்லாம் எண்ணிக்கைக் கூலி. சுற்றுவட்டாரத்தில் தொழிற்சாலை என்று யாரும் சொல்வதில்லை, தீப்பெட்டி ஆபீஸ் என்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில் ஆபீஸ் பஸ் கிராமத்துக்கு வரும். பிள்ளைகளை எழுப்பி விடுவதற்கென்றே ஊருக்கு ஒரு ஏஜென்ட், அதற்கு அவருக்குச் சம்பளம். இருட்டில் போகும் பிள்ளை இருட்டிய பிறகு திரும்பும். அவர்களில் பெண் பிள்ளைகளே அதிகம். 1980களின் தொடக்கத்தில் பரவலாகச் சொல்லப்பட்ட மதிப்பீடு 45,000 குழந்தைகள்.

இங்கேதான் சங்கடமான கேள்வி வருகிறது. இந்த வட்டாரத்தில் சங்கங்களுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. உறவின்முறைகள், மாதர் சங்கங்கள், இளைஞர் மன்றங்கள், நற்பணி மன்றங்கள், ரோட்டரி, லயன்ஸ் எல்லாம் உண்டு. நோட்டுப் புத்தகம் கொடுத்தார்கள், கண் பரிசோதனை முகாம் நடத்தினார்கள், ஆண்டு விழாவில் பரிசு கொடுத்தார்கள். விடியற்காலை பஸ்ஸை மட்டும் யாரும் மறிக்கவில்லை! கொடுப்பவரும் வேலை கொடுப்பவரும் பல இடங்களில் ஒருவரே என்பதுதான் காரணம். பெற்றோருக்கும் அந்தக் கூலி தேவைப்பட்டது. ஊருக்குள்ளேயே பிறந்த மன்றம், ஊருக்கே சோறு போடும் முதலாளியை எப்படிக் கேள்வி கேட்கும்?

அதனால் கேள்வி வெளியிலிருந்துதான் வந்தது. 1976இல் ஹர்பன்ஸ் சிங் அறிக்கை வந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனால் குடும்பத்தோடு செய்யும் வேலைக்கு அது விலக்கு அளித்ததால் ஆபீசில் இருந்த பெட்டி வீட்டுத் திண்ணைக்கு நகர்ந்தது. 1990இல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற ஆவணப்படம் இந்தப் பிள்ளைகளின் முகங்களை வெளியுலகத்துக்குக் காட்டியது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம், ஆபத்தான தொழிலில் வைத்திருக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றது.

தீர்ப்பு வந்தாலும் எந்த வீட்டில் எந்தப் பிள்ளை என்று நீதிமன்றத்துக்குத் தெரியாது. அதற்குத் தன்னார்வலர்கள் வேண்டியிருந்தது. தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் கீழ் சிறப்புப் பள்ளிகளைப் பெரும்பாலும் தன்னார்வ நிறுவனங்களே நடத்தின. வேலையை விட்டு வந்த பிள்ளைக்குப் பாடமும் சாப்பாடும் தந்து, மாதம் 100 ரூபாய் உதவித்தொகையும் கொடுத்தார்கள். காமராசரின் வீட்டு அடுப்பை யாராவது அப்போதே இப்படிப் பார்த்திருந்தால்... என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்களில் குழந்தைகள் பெருமளவு குறைந்ததற்குச் சட்டம், சத்துணவு, இயந்திரம், இந்த வீடு வீடான அலைச்சல் எல்லாமே காரணம்.

இப்போது ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்புப் பக்கம் உள்ள கான்சாபுரம் போன்ற ஒரு ஊரை எடுத்துக்கொள்வோம். (1764இல் தூக்கிலிடப்பட்ட கான்சாகிப் என்ற மருதநாயகத்தின் பெயர்தான் ஊருக்கு வந்தது என்று சொல்வதுண்டு.) இங்கே நெல்லும் தென்னையும் உண்டு. கிணறும் கண்மாயும் உண்டு. இப்படிப்பட்ட ஊரில் இளைஞர் மன்றத்துக்கு முதல் வேலை விளையாட்டுப் போட்டி அல்ல, சுவர் இடிந்த கிணறு எத்தனை, மண் அள்ளிய பள்ளம் எங்கே, நீச்சல் தெரியாத பிள்ளை யார் என்று எழுதி வைப்பதுதான். கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 குழந்தைகள் எரிந்துபோன பள்ளியின் கூரை ஓலை என்பது அந்தத் தெருவில் நடந்த எல்லோருக்கும் தெரிந்ததுதானே?

ஊராட்சிதோறும் குழந்தைகள் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி. ஊராட்சித் தலைவர், ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர் இவர்களோடு குழந்தைகளும் அதில் உறுப்பினர்கள். எந்த நேரத்திலும் கூப்பிட 1098 இருக்கிறது. ஆனால் ஊர்க் குழுவின் பழைய குணம் ஒன்று உண்டு, எதையும் ஊருக்குள்ளேயே 'பேசி முடிப்பது'. வாய்க்கால் தகராறுக்கு அது சரி. ஒரு குழந்தையிடம் யாரோ தவறாக நடந்தால் அது சரியாகாது. 2012இன் போக்சோ சட்டப்படி தெரிந்தவர் போலீசில் சொல்லியே ஆக வேண்டும், மறைத்தால் மறைத்தவர்மேலும் வழக்கு வரும். சொந்தக்காரன், பெரிய வீட்டுக்காரன், மன்றத் தலைவரின் மைத்துனன் என்றெல்லாம் பார்க்க முடியாது. பிள்ளைகளோடு பழகும் தன்னார்வலருக்கும் இதே கண்டிப்பு வேண்டும். மாலை வகுப்பு எடுப்பவர் கதவைத் திறந்து வைத்து, இன்னொரு பெரியவர் இருக்கும்போதுதான் எடுக்க வேண்டும். இதில் கோபப்படுகிறவரை வகுப்புக்கு விடாமல் இருப்பதே நல்லது.

2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் சமைப்பவர்கள் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள். அரிசிக்கும் ரவைக்கும் காசு அரசுடையது. அதே ஊர்க்காரராக இருக்க வேண்டும், அவருடைய பிள்ளையும் அதே பள்ளியில் படிக்க வேண்டும் என்று சமைப்பவரைத் தேர்வு செய்ய ஒரு விதி வைத்தார்கள். உப்புமா சரியில்லை என்றால் புகார் முதலில் அவர் வீட்டிலிருந்தே வரும். எந்தப் பிள்ளை இன்று தட்டு எடுக்க வரவில்லை என்பதும் முதல் மணி அடிப்பதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும்.