சிவப்பணு முதல் வாய்ப்புற்று வரை: சவ்வுக் கொழுப்பைப் படித்த வரலாறு

1925இல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் சிவப்பணுக்களிலிருந்து கொழுப்பைப் பிரித்து நீர்ப்பரப்பில் ஒற்றைப் படலமாகப் பரப்பினார்கள். அணுக்களின் மேற்பரப்பைப்போல் இரு மடங்கு இடத்தை அது அடைத்தது. செல்லின் சவ்வு இரண்டடுக்குக் கொழுப்பு என்ற கருத்து அதிலிருந்து பிறந்தது.

வெற்றிலை, பாக்கு, புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் வழக்கமுள்ள நம் ஊர்களில் அந்தச் சவ்வுக் கொழுப்பு வாய்ப்புற்றுக்கு அடையாளமாகுமா என்ற கேள்வி பின்னால்தான் எழுந்தது. முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்தில் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் சாந்தாவும் முற்றிய வாய்ப்புற்றோடு போராடினார்கள். கதிர்வீச்சையும் பிளியோமைசின் என்ற மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அன்றைய முதல் கவலை சிகிச்சைதான்.

உயிர்வேதியியல் தடயத்தைத் தேடியதில் சிதம்பரத்துக்குத் தனி இடம் உண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாகினி, மனோகரன் ஆகியோரின் குழுக்கள் நோயாளிகளின் இரத்தத்தையும் கட்டித் திசுவையும் ஆராய்ந்தன. வெள்ளெலியின் கன்னப்பையில் டி.எம்.பி.ஏ. என்ற வேதிப்பொருளைப் பூசிப் புற்றை உண்டாக்கியும் பார்த்தன. கண்டது வியப்பானது. இரத்தத்தில் கொழுப்பின் ஆக்சிஜனேற்றச் சிதைவு கூடியிருந்தது. கட்டிக்குள்ளோ அது குறைந்திருந்தது. கட்டி தன்னைக் காக்க, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் குளூட்டாதயோனைச் சேர்த்துக்கொள்கிறது. எளிதில் சிதையும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் அதன் சவ்வில் குறைந்துபோவதும் ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எங்கிருந்து மாதிரி எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ஒரே அளவீடு நேர்மாறான விடை தருகிறது. நம் ஆய்வுகள் தந்தவற்றில் மிக மதிப்புள்ள எச்சரிக்கை இதுவே.

2004இல் அகமதாபாத்தின் குஜராத் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார், தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் இரத்தத்தில் மொத்தக் கொலஸ்டிராலும் எச்.டி.எல். வகைக் கொலஸ்டிராலும் குறைந்திருப்பதை வெளியிட்டனர். பெருகும் செல்கள் புதுச் சவ்வு கட்டக் கொலஸ்டிராலை இழுத்துக்கொள்கின்றன என்பது ஒரு விளக்கம். ஆனால் வாய் புண்ணாகி, விழுங்க முடியாமல் மெலிந்தவருக்கும் கொலஸ்டிரால் இறங்கும். காரணமா விளைவா என்று பிரித்தறியாமல் அந்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

அதனால் கவனம் திசுவின் பக்கம் திரும்பியது சரியே. 2013இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் தகாட்ஸ் குழு, அறுவைக் கத்தி சுடும்போது எழும் புகையிலுள்ள கொழுப்புகளை நிறை நிறமாலைமானியால் அளந்து, அது புற்றுத் திசுவா என்பதைச் சில நொடிகளில் சொல்லிக் காட்டியது. 2017இல் பார்சலோனா குழுவொன்று, வாய்ப்புற்று செல்களில் சிடி36 என்ற கொழுப்பு உள்வாங்கும் புரதம் மிகுந்தவையே பிற உறுப்புகளுக்குப் பரவுகின்றன என்று எலிகளில் நிறுவியது. அந்தப் புரதத்தைத் தடுத்தபோது பரவலும் தடைபட்டது. நோய்க்கு அடையாளம் என்று தேடப்பட்ட கொழுப்பு, இங்கே நோயை நடத்துவதாகவே தெரியவந்தது.

இந்தத் தேடலைத் தொடரச் சென்னையை அடுத்த பகுதியில் வசதி உண்டு. சிறுசேரியில் பெண்களுக்கான உயிரித்தொழில்நுட்பப் பூங்கா இருக்கிறது. தாம்பரம் முதல் கேளம்பாக்கம் வரை பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. ஒரே நோயாளியின் இரத்தம், சிவப்பணு, கட்டி, அருகிலுள்ள நல்ல திசு நான்கையும் சேர்த்து அளக்கும் பெரிய ஆய்வுக்கு இந்த வட்டாரம் பொருத்தமானது. அப்படி உருவாகும் எந்தச் சோதனைக்கும் ஓர் உரைகல் திருவனந்தபுரத்தில் உண்டு. 1996இல் தொடங்கிய ஆய்வில் பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வாயைத் திறக்கச் சொல்லிக் கண்ணால் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவர்களிடையே வாய்ப்புற்று மரணம் 34 விழுக்காடு குறைந்ததாக 2005இல் முடிவு வெளிவந்தது.