சிக்காகோ நகரில் ஒரு தொண்டில்லம்

சிக்காகோ என்றவுடன் சைவ இளைஞர் உள்ளத்தில் எழுவது 1893ஆம் ஆண்டு செப்டெம்பரில் அங்கு கூடிய சர்வமதப் பேரவையும், அதிலே எழுந்து பேசிய விவேகானந்த சுவாமிகளின் திருவுருவமுமே. சுவாமிகள் 1897 சனவரியில் யாழ்ப்பாணத்துக்கும் எழுந்தருளினாராதலின், அந்நகரின் பெயர் நமக்குப் புதியதன்று. ஆயின், பேரவை கலைந்து, அங்கு நடந்த உலகக் கண்காட்சியும் ஒக்டோபர் முடிவில் மூடப்பட்டபின் அந்நகரத்து ஏழைகளின் நிலை யாதாயிற்று என்பதை நம்மிற் பலர் அறியார். அவ்வாண்டில் அமெரிக்காவைப் பீடித்த பொருளாதார நெருக்கடியால் ஆயிரக்கணக்கானோர் தொழிலிழந்து, கடுங்குளிரில் உணவுக்கு அலைந்தனர். அவர்களிற் பலர் சென்று தட்டிய கதவு ஹல் இல்லத்தின் கதவாகும்.

அவ்வில்லத்தை 1889 செப்டெம்பரில் தொடங்கியோர் ஜேன் அடம்ஸ் அம்மையாரும் அவர்தம் தோழியார் எலன் கேற்ஸ் ஸ்ரார் அம்மையாருமாவர். ஜேன், 1860இல் இலினோய் மாநிலத்துச் சிற்றூரொன்றிலே செல்வரான ஆலைச் சொந்தக்காரர் ஒருவருக்கு மகளாகப் பிறந்தவர். இலண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில், பல்கலைக்கழகத்திற் கற்றோர் ஏழைகளின் நடுவே குடியிருந்து தொண்டாற்றிய ரொயின்பி மண்டபத்தை 1888இற் கண்டார். திரும்பியதும், இத்தாலியரும் ஜேர்மானியரும் ஐரிஷ்காரரும் ருஷிய யூதரும் நெருங்கி வாழ்ந்த ஹோல்ஸ்ரெட் வீதியில், ஹல் என்னும் செல்வர் கட்டிய பழைய மாளிகையிற் குடிபுகுந்தார். பின்னர் வந்து சேர்ந்த தொண்டர்களுக்குச் சம்பளம் இல்லை. பெரும்பாலோர் உணவுக்கும் அறைக்கும் தாமே பணங்கொடுத்து அங்கு வசித்தனர்.

முதலாண்டு நத்தார் நாளில் அயலிலுள்ள சிறுமியருக்கு இனிப்பு வழங்கினார்கள். சிலர் வாங்க மறுத்தனர். விசாரித்தபோது, அச்சிறுமியர் ஆறு வாரமாக இனிப்புத் தொழிற்சாலையிலே காலை ஏழு மணி முதல் இரவு ஒன்பது மணி வரை வேலை செய்து, அப்பண்டத்தைக் கண்ணெடுத்துப் பார்க்கவும் வெறுத்திருந்தனர் என்பது தெரியவந்தது. கொடுப்பவர் மகிழ்ச்சி ஒன்று, கொள்பவர் துன்பம் வேறொன்று என்பதை அம்மையார் அன்று முதன்முதலாகக் கண்டார்.

அயலிலே மூன்று பிள்ளைகளையும் அறிந்தார்கள். மூவரும் தாய்மார் வேலைக்குப் போகத் தனியே விடப்பட்டு ஊனமுற்றோர். ஒரு பிள்ளை மூன்றாம் மாடி யன்னலால் விழுந்தது. ஒன்று தீயிற் சுடுண்டது. மற்றொன்றின் முதுகெலும்பு வளைந்திருந்தது. மூன்றாண்டு காலம் அதனைச் சமையலறை மேசைக்காலிற் கட்டிவிட்டே தாய் வேலைக்குச் சென்றாளாம். நண்பகலில் அருகிலுள்ள தொழிற்சாலையிலிருந்து தமையன் ஓடிவந்து, கட்டவிழ்த்துத் தன் உணவிற் பங்கு கொடுப்பான். இத்தாயைக் கொடியவள் என்று சொல்ல யாருக்கு நாவெழும்? பகற்காலக் குழந்தைக் காப்பகம் ஒன்று விரைவில் அங்கே திறக்கப்பட்டது.

தவறிய முயற்சிகளும் உள. பொஸ்ரன் நகரத்து முறையைப் பின்பற்றி, சத்தும் மலிவும் பொருந்திய உணவு சமைத்து விற்கும் பொதுச் சமையற்கூடம் அமைத்தார்கள். அயலார் வாங்கவில்லை. சத்துள்ளதுதான், ஆனால் எனக்குப் பிடித்ததையே நான் உண்பேன் என்ற கருத்துப்பட ஒரு பெண் சொல்லிவிட்டாள். அம்மையார் கோபங்கொள்ளவில்லை.

ஆயின் 1893 பனிக்காலத்தில் நேர்ந்த தவறு இத்தகையதன்று. சரக்கு அனுப்பும் எழுத்தர் ஒருவர் வேலையிழந்து, குடும்பத்துக்கு உதவி கேட்டு இல்லத்துக்குப் பலமுறை வந்தார். வேலை கிடைக்குமிடத்து அதனை மறுப்போருக்கு உதவியில்லை என்பது அக்காலத் தருமசங்கங்களின் விதி. வடிகாற் கால்வாய் வெட்டும் வேலை இருக்கிறது, அதற்குப் போகலாம் என்று அம்மையார் சொன்னார். தாம் எப்போதும் உள்ளிருந்தே வேலை செய்தவரென்றும், குளிரில் வெளிவேலை தாங்காதென்றும் அவர் சொன்னார். விதி விதிதான். அவர் போனார், இரண்டு நாள் மண் வெட்டினார், நிமோனியாக் காய்ச்சல் கண்டு ஒரு வாரத்தில் இறந்தார். அவர் விட்டுச்சென்ற இரு குழந்தைகளையும் அம்மையார் பின்னர் ஒருபோதும் கண்காணிப்பிலிருந்து விடவில்லை. ஒருவனுடைய வாழ்வையும் பழக்கத்தையும் முழுதும் அறியாமல் அவனுக்கு வழிசொல்ல முடியாது என்று, 1910இல் வெளியிட்ட தம் நூலில் இச்சம்பவத்தை அவரே எழுதிவைத்தார். நமது சங்கங்களின் ஆண்டறிக்கைகளில் எத்தனை மூடை அரிசி, எத்தனை சோடி உடுப்பு என்றெல்லாம் காண்கிறோம். இத்தகைய பக்கம் ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை.

அயலாரின் வாழ்வை அறிய முயன்றதன் பயனாகவே பிற பணிகளும் பிறந்தன. வீதிக் குப்பையால் நோய் பரவுவதைக் கண்டு ஓயாது முறையிட்ட அம்மையாரை, 1895இல் நகரபிதா அவ்வட்டாரத்தின் குப்பைப் பரிசோதகராகவே நியமித்தார். காலை ஆறு மணிக்கே எழுந்து வண்டிகளின் பின்னாற் சென்றார். ஒடுங்கிய தெருவொன்றில் 18 அங்குலக் குப்பையின் அடியிலே கல்பாவிய தளம் இருக்கக் கண்டனர்! இல்லத்திலிருந்த புளோரன்ஸ் கெல்லி அம்மையார் முதலியோரின் முயற்சியால், 14 வயதுக்குட்பட்டோரைத் தொழிற்சாலையில் அமர்த்தலைத் தடுக்கும் மாநிலச் சட்டம் 1893இல் நிறைவேறியது. பெண்களுக்கு எட்டு மணிநேர வேலை என்ற அதன் பிரிவை 1895இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. 1899இல் சிறுவர் நீதிமன்றம் அமைந்ததிலும் இவ்வில்லத்தாருக்குப் பங்குண்டு.

1931இல் அம்மையாருக்குச் சமாதானத்துக்கான நோபல் பரிசிற் பாதி கிடைத்தது. 1935இல் மறைந்தார். 1960களில் பல்கலைக்கழக வளாகத்துக்காக இல்லத்தின் கட்டடங்களிற் பெரும்பாலானவை இடிக்கப்பட்டன. சங்கம் வேறிடங்களிற் குடும்பப்பணியைத் தொடர்ந்து, பணமுடையால் 2012 சனவரியில் மூடப்பட்டது. முதலிற் குடிபுகுந்த பழைய மாளிகை ஹோல்ஸ்ரெட் வீதியில் நூதனசாலையாக நிற்கிறது.