இரண்டாவது சூது

காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் கூரம் என்று ஒரு கிராமம். 7ஆம் நூற்றாண்டில் முதலாம் பரமேசுவரவர்ம பல்லவன் அந்த ஊர்ச் சிவன் கோயிலுக்குக் கொடுத்த செப்பேட்டில், மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறான். சூதாட்டத்தில் நாடிழந்தவர்களின் கதையை மானியம் கொடுத்துச் சொல்ல வைத்த வட்டாரம் எங்களுடையது. இன்றும் இந்தப் பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் பகலில் பாரதச் சொற்பொழிவு, ராத்திரி முழுக்கக் கூத்து. இதே ஊரில்தான் ராத்திரி இரண்டு மணிக்குப் பையன்கள் மொபைலில் போக்கர் ஆடியதையும் பார்த்திருக்கிறேன். கேட்டால், “காசு கட்டலண்ணா, ஃப்ரீ டோர்னமென்ட்தான்” என்பார்கள்.

அந்த ‘ஃப்ரீதான்’ பற்றித்தான் எனக்குப் பேச வேண்டும்.

போக்கர் உலகில் இதற்கு ஃப்ரீரோல் என்று பெயர். நுழைவுக் கட்டணம் கிடையாது. பரிசுத்தொகையை நடத்துகிற கம்பெனியே போடும். கூட்டம் பெரிது, பரிசு கடைசிச் சில பேருக்குத்தான். இதை ஆட ஒரு வித்தை உண்டு. முதல் ஒரு மணி நேரம் வெறும் கலாட்டா. கையில் இருக்கும் சிப்ஸ் யாருடைய காசும் இல்லை என்பதால், எந்தச் சீட்டு வந்தாலும் பலர் மொத்தத்தையும் நடுவில் தள்ளுவார்கள். அங்கே மோசமான சீட்டை வைத்துக்கொண்டு பந்தயம் ஏற்றி மிரட்டுவது வீண். இழக்க ஏதாவது இருப்பவனைத்தானே மிரட்ட முடியும்? தெரிந்தவர்கள் ஜோடி ஏஸ், ஜோடி ராஜா மாதிரி வரும்வரை சீட்டைக் கீழே போட்டுக்கொண்டே இருப்பார்கள். கூட்டம் கரைந்த பிறகு கட்டாயப் பந்தயத் தொகை ஏறிக்கொண்டே போகும். கையிருப்பு அதைப்போல் பத்து மடங்குக்குக் கீழே வந்துவிட்டால் பொறுமை உதவாது. ஒன்று மொத்தத்தையும் வைக்கணும், இல்லைன்னா விட்டுடணும்.

இந்த வித்தையின் உச்சம் என்று கிறிஸ் ஃபெர்குசனைச் சொல்வார்கள். 2000இல் போக்கர் உலகச் சாம்பியன். 2006இல் ஒரு சவால் எடுத்தார்: கையில் ஒரு காசும் போடாமல், ஃப்ரீரோலில் தொடங்கி, 10,000 டாலர் சேர்ப்பது. முதல் சில டாலர்களைச் சேர்க்கவே உலகச் சாம்பியனுக்கு மாதக்கணக்கில் ஆனது. பிறகும் கைவசம் இருப்பதில் 5 சதவீதத்துக்கு மேல் ஒரு மேசையில் வைப்பதில்லை, பெரிய டோர்னமென்ட் என்றால் 2 சதவீதம் என்று பெரும்பாலும் கட்டுப்பாடாக ஆடி, இலக்கைத் தொட்டார். அவர் ஆடியது, தானே இயக்குநராக இருந்த ஃபுல் டில்ட் தளத்தில். 2011 ஏப்ரல் 15 அன்று அமெரிக்க அரசு அதை முடக்கியது. ஆடியவர்களின் கணக்கில் இருந்த பணத்தைத் திருப்பித் தரும் அளவுக்கு நிறுவனத்திடம் பணம் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. ஆட்டக்காரருக்கு இருந்த கட்டுப்பாடு கடைக்கு இல்லை.

சும்மா எதற்குக் கொடுக்கிறார்கள்? தறி வீடுகளில் வளர்ந்தவர்களிடம் கேளுங்கள். பட்டு முதலாளி கொடுக்கும் முன்பணம் கொடுக்கும் நாளில் உதவியாகத்தான் இருக்கும். அதைத் தீர்க்காமல் வேறு இடத்துக்கு நெய்யப் போக முடியாது என்பது அப்புறம் புரியும். ஃப்ரீரோலும் ஒருவகை முன்பணம். உங்களிடம் வாங்கிக்கொள்வது பழக்கத்தை. அடுத்த மேசை காசு மேசை.

நேரமும் சும்மா இல்லை. கோர்வைப் புடவைக்கு ஒரு ஆள் போதாது. இன்னொரு கரைக்கு நாடா தள்ளப் பக்கத்தில் ஆள் வேண்டும். விடிய விடிய முழித்த பையன் பத்து மணி வரை தூங்கினால் தறி நிற்கும். புடவைக்குத்தான் கூலி என்பதால் கூலியும் நிற்கும்.

சட்டம் வேறொரு கேள்வியிலேயே சுற்றியது: இது திறமையா, அதிர்ஷ்டமா? 1930இல் சென்னை மாகாணத்துக்குச் சூதாட்டச் சட்டம் வந்தது. 1967இல் ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம் என்றது உச்சநீதிமன்றம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டின் ஆன்லைன் தடையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த சட்டம், ஆளுநர் திருப்பி அனுப்பி, சட்டமன்றம் மறுபடி நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல் பெற்றது. அதே நவம்பரில் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீதிமன்றம் எடுத்துவிட்டது. 2025இல் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை காசு கட்டி ஆடக்கூடாது என்ற மாநில விதியை அதே நீதிமன்றம் ஏற்றது. அந்த ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஆன்லைன் பண விளையாட்டுகளையே தடை செய்தது, திறமையோ அதிர்ஷ்டமோ எதுவானாலும். ஆனால் பண விளையாட்டு என்றால் கட்டணமோ வைப்போ பந்தயமோ கட்டி ஆடுவது. ‘ஃப்ரீதான்’ அந்த வரையறையின் விளிம்பில் நிற்கிறது.

பாரதத்தில் எல்லோருக்கும் ஞாபகம் இருப்பது முதல் சூது. வியாசர் இரண்டாவது ஒன்றும் சொல்கிறார். தோற்ற நாட்டையும் செல்வத்தையும் திருதராட்டிரன் திருப்பிக் கொடுத்துவிடுகிறான். தருமன் ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் மறுபடி அழைப்பு வருகிறது; போகிறான். பன்னிரண்டு வருடக் காடும் ஒரு வருட ஒளிவாழ்வும் அந்த ஆட்டத்தில் போனவை. முதல் முறை அவனிடம் திறமை இல்லை என்று சொல்லலாம். இரண்டாவது முறை சகுனி யார் என்று நன்றாகத் தெரியும். கையில் இருந்தது சும்மா திரும்பி வந்த சொத்து, அவ்வளவுதான்.

ஃப்ரீரோல் ஆடும் தம்பிகளுக்கு எனக்குத் தெரிந்த ஒரே வித்தை இதுதான்: எழுந்திருக்கும் நேரத்தை உட்காரும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி.